ஏலாத இடத்தில் ஒரு கையெழுத்து

செய்தி வந்தபோது நான் பிள்ளைகளுக்கு நூடில்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தேன். பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் சத்தம் உச்சிக்கு ஏறுகிற நேரம் அது. அதிபர் கதவடியில் வந்து நின்றார். வழக்கமாக வந்தால் நேரே உள்ளே வந்து, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று பிள்ளைகளிடம் கேட்பார். அன்று கேட்கவில்லை. கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளின் சப்பாத்துகளும் வீட்டுச் செருப்புகளும் அடுக்கியிருக்கும் நடைவழியில் வைத்து, "சுகந்தி இன்று காலையில் போய்விட்டார்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். நான் "சரி" என்றேன். திரும்பிப் போய், தட்டை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் போட்டு முடித்தேன். அழுகை பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது.

சில நாட்கள் கழித்து அவரது கணவர் குமரன் தொலைபேசியில் அழைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். "தவமக்கா, தேவாரம், குடும்ப விபரம் எல்லாம் போட்டாச்சு. அவ பள்ளிக்கூடத்திலை எப்பிடி இருந்தவ எண்டு வீட்டிலை எங்களுக்கே வடிவாத் தெரியாது. நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றார். ஆகவே இதை வாசிக்கிற உங்களில் பலர் சுகந்தியை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்களாக இருப்பீர்கள். தங்கையாக, மச்சாளாக, கோயிலில் கண்டு சிரித்தவராக அறிந்திருப்பீர்கள். நான் எழுதுவது கொலோனில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் வகுப்பாசிரியரைப் பற்றி. காலையில் அவரது வகுப்பில் இருந்த பிள்ளைகள் மதியத்துக்குப் பிறகு என்னிடம் வருவார்கள். சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு என்று பின்னேரம் வரை அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

யாரையும் இலேசில் மெச்சுகிறவள் அல்ல நான். அதை என் வீட்டாரே உங்களுக்குச் சொல்வார்கள். சுகந்தி எங்கள் பாடசாலைக்கு வந்த புதிதில், "எங்கடை பிள்ளை ஒண்டு ஜேர்மன் வகுப்புக்கே ரீச்சரா வந்திருக்குதாம்" என்று ஊரெல்லாம் பெருமைப்பட்டபோதும் நான் பேசாமல்தான் இருந்தேன். படித்து வேலை எடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் வேலை எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னை வாய் பிளக்க வைத்தது வேறொன்று. பெற்றோருக்கு ஒரு விடயத்தைச் சொல்வதை அவர் ஒரு பெரிய வேலையாக நினைத்தார். மற்ற ஆசிரியர்கள் ஒரு தாளைப் பிள்ளையின் புத்தகப்பையில் வைத்து அனுப்பினால் சொல்லியாயிற்று என்று நினைப்பார்கள். சுகந்திக்குத் தாள் போய்ச் சேர்வது ஆரம்பம் மட்டும்தான்.

அவர் வருவதற்கு முன் எங்கள் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி ஒரே குறையைச் சொல்வார்கள். உங்கள் தமிழ்ப் பெற்றோர் மிகவும் பண்பானவர்கள், எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறார்கள், ஆனால் அடுத்த நாள் எதுவும் மாறுவதில்லை என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது "விளங்கவில்லை" என்று இடையில் சொல்வது நம் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. அதனால் ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இன்னொரு தாய்க்குத் தொலைபேசி எடுத்து, "ரீச்சர் என்ன சொன்னவ?" என்று விசாரிப்பார்கள். அந்தத் தாயும் ஓம் சொல்லிவிட்டு வந்தவராகத்தான் இருப்பார்.

சுகந்தி ஒருபோதும் "விளங்கினதோ?" என்று கேட்கமாட்டார். பாடசாலை வாசல் படலையடியில் ஒரு தாயிடம் அவர் கதைத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை நீச்சல் தொடங்குகிறது என்று சொல்லி முடித்தார். அந்தத் தாயும் வழக்கம்போல ஓம் என்றார்.

"அப்ப வியாழக்கிழமை இரவு பையிலை என்னென்ன வைப்பியள்? சொல்லுங்கோ பாப்பம்."

"நீச்சல் உடுப்பு, துவாய்..."

"தலை ஈரத்தோடை குளிருக்குள்ளை வெளிக்கிட ஏலாதெல்லோ. அப்ப?"

"ஓ, தொப்பி! அதை மறந்திட்டன் ரீச்சர்."

இருவரும் சிரித்தார்கள். அந்தத் தாய்க்கு வெட்கமும் இல்லை, பிடிபட்ட உணர்வும் இல்லை. பிறகு நான் அவரிடம், இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு நின்றால் எப்போது வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டேன். "தவமக்கா, அவை ஓம் எண்டால் நான் சொன்னது காதிலை விழுந்தது எண்டு அர்த்தம். நாளைக்கு என்ன செய்யப்போகினம் எண்டு அவையின்ரை வாயாலை கேட்டால்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். துருக்கித் தாய்மாரிடமும் போலந்துத் தகப்பன்மாரிடமும் அதே கேள்வியைத்தான் ஜேர்மன் மொழியில் கேட்டார். ஜேர்மன் பெற்றோரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களில் பாதிப்பேரும் தொப்பியை மறந்திருந்தார்கள் என்று பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

தோட்டு விவகாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உடற்பயிற்சிப் பாடத்துக்குத் தோடு போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது இங்கே சட்டம். நம் தாய்மார் கேட்பார்களா? பெண்பிள்ளையின் காதை மூளியாக விட்டு அனுப்புவதா என்று ஒரே பிரளயம். முன்பிருந்த ஆசிரியர் சட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யாமல் வாங்கில் குந்திக்கொண்டிருந்ததுதான் மிச்சம். சுகந்தி தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டர் சுருளை எடுத்து, ஒரு தாயின் முன்னால் தன் காதுத் தோட்டின் மேலேயே ஒட்டிக் காட்டினார். "கழட்டத் தேவையில்லை. காலமை இப்பிடி ஒட்டி விடுங்கோ, பின்னேரம் உரிச்சு விடுங்கோ. பந்து பட்டுக் காது கிழிஞ்சால் உங்களுக்கும் எனக்கும் ஏலாது." அன்று முழுவதும் காதில் பிளாஸ்டரோடுதான் வகுப்பெடுத்தார். அடுத்த கிழமை வாங்கில் ஒரு பிள்ளையும் இல்லை.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ளமாட்டார். வேறெதிலும் அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை. ஆசிரியரோடு கதைக்க வரும்போது நம்மில் பலர் பிள்ளையையே நடுவில் இருத்துவோம். பிள்ளைக்குத்தான் ஜேர்மன் மொழி தண்ணீர் பட்ட பாடாயிற்றே. இதைப் பற்றி ஒருமுறை சாப்பாட்டு மண்டபத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது தன் கதையைச் சொன்னார். அவர் ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். முதல் வருடத்தில் ஆசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் மகள் இடைவேளையில் தனியாக நின்று அழுகிறாள் என்று சொல்லியிருக்கிறார். நடுவிலிருந்த சுகந்தி அப்பாவைப் பார்த்து, "நான் நல்லாப் படிக்கிறனாம்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா எழும்பி நின்று ஆசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னாராம்.

"அந்த ரீச்சர் எங்கடை அப்பாவை எப்பிடிப் பாத்தவ எண்டு இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது" என்றார் சுகந்தி. "பிள்ளை தன்னைப் பற்றின கதையைத் தானே காவக் கூடாது அக்கா. அது பெரிய பாரம்." நான் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் நடத்திய பெற்றோர் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வருடத் தொடக்கத்தில் நடக்கும் கூட்டம் அது. மற்ற வகுப்புகளில் ஆசிரியர் பேசுவார், பெற்றோர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுகந்தி பெற்றோரைத் தங்கள் பிள்ளைகளின் கதிரைகளில் இருத்தினார். முழங்கால் நெஞ்சில் முட்ட முட்ட அத்தனை பேரும் குந்தினார்கள். வீட்டுப்பாடம் என்றால் என்ன என்று பேசுவதற்குப் பதிலாக ஆளுக்கொரு தாள் கொடுத்து, செய்யச் சொன்னார். கஷ்டமான தாள். அரை மணித்தியாலம் ஆனதும் மணியடித்தார். பென்சிலை வையுங்கள், முடிந்தவரை போதும் என்றார்.

எல்லாரும் வைத்தார்கள், ஒருவரைத் தவிர. ட்ராம் ஓட்டுகிற தமிழ்த் தகப்பன் ஒருவர், இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுக்க வந்தவள் பின்னால் நின்று பார்த்தேன்.

"வையுங்கோ அண்ணை" என்றார் சுகந்தி.

"ஒரு நிமிசம் ரீச்சர். இன்னும் ரெண்டுதான் கிடக்கு. முடிச்சிட்டுத் தாறன்."

"அந்த ரெண்டும் உங்களுக்கு ஏலாமல் இருக்குது எண்டதுதான் அண்ணை எனக்குத் தெரியவேணும். நீங்கள் முடிச்சுத் தந்தால் எனக்கு ஆர் சொல்லுறது?"

பிறகு அதையே எல்லாருக்கும் ஜேர்மன் மொழியில் சொன்னார். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையை இருத்த வேண்டாம். ஏலாத இடத்தில் விட்டுவிட்டுக் கீழே உங்கள் கையெழுத்தை வையுங்கள். அழகாக முடித்த வீட்டுப்பாடம் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. நின்றுபோன இடம்தான் நீங்கள் எனக்குச் சொல்கிற செய்தி. பாடசாலை பெற்றோருக்குச் சொல்வது பற்றித்தான் நான் அதுவரை யோசித்திருந்தேன். பெற்றோரும் பாடசாலைக்குச் சொல்லவேண்டும் என்பதை அன்றுதான் ஒருவர் சொல்லிக் கேட்டேன்.

இதெல்லாம் சரி, ஆனால் ஏலாத இடத்தில் விட்டுவிடுங்கள் என்ற அந்தச் சொல் ஒரு குடும்பத்துக்குப் பெரும் பயத்தைக் கொண்டுவந்தது. மதுரா இரண்டாம் வகுப்பின் நடுவில் வேறு நகரத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வந்தாள். பழைய பாடசாலையிலிருந்து அவளோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை, பரீட்சைத் தாள்கள் அநேகமாக வெறுமையாக இருக்கின்றன, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கான விசேட பாடசாலைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டும் என்றிருந்தது. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் அதற்கான கூட்டம் வைக்க அதிபர் நாள் குறித்துவிட்டார். வகுப்பாசிரியர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் முடிவு.

மதுராவின் தாய் கலாவை எனக்குக் கோயிலில் தெரியும். கண்ணும் கருத்துமாகப் பிள்ளையை வளர்க்கிறவள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பாடசாலையில் பிள்ளை மிகவும் அமைதி என்று சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வகுப்பில் அமைதியாக இருப்பது நம் ஊரில் நல்ல பிள்ளைக்கு அடையாளம். இங்கே கையை உயர்த்திக் கதைக்காவிட்டால் புள்ளியே குறையும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, வீட்டுப்பாடக் கொப்பியில் ஒரு பிழையும் கிடையாது. அச்சடித்ததுபோல இருக்கும்.

சுகந்தி கலாவைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். பின்னேரம், பிள்ளைகள் போன பிறகு, என் வீட்டுப்பாட அறையிலேயே இருந்து கதைத்தோம்.

"கலா அக்கா, இன்னும் கொஞ்ச நாளைக்கு மதுரா தனிய இருந்து செய்யட்டும். நீங்கள் பக்கத்திலை இருக்க வேண்டாம். எவ்வளவு செய்தாலும் அரை மணித்தியாலத்தோடை நிப்பாட்டி, கையெழுத்து வைச்சு அப்பிடியே அனுப்புங்கோ."

கலாவின் முகம் மாறிவிட்டது. "அரைகுறையா அனுப்பச் சொல்லுறியள். நாளைக்குக் கூட்டத்திலை அதைத்தானே எடுத்துக் காட்டுவியள்? என்ரை பிள்ளைக்கு எதிரா நானே சாட்சி சொல்லவோ ரீச்சர்?"

அந்த இடத்தில் நானாக இருந்தால் உடனே, சேச்சே, அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று அவள் கையைப் பிடித்திருப்பேன். யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுகந்தி சொல்லவில்லை.

"ஓம், அப்பிடியும் நடக்கலாம்" என்றார். "அதைப் பாத்திட்டு, அவள் அங்கை போறதுதான் நல்லது எண்டு நானே சொல்லவேண்டியும் வரலாம். அது கூடாத பள்ளிக்கூடம் இல்லை அக்கா. போகவேண்டிய பிள்ளைக்கு நல்ல இடம். இவள் போகவேண்டிய பிள்ளையோ எண்டு எனக்கு இப்ப தெரியாது. தெரியாமல் அனுப்பவும் ஏலாது, தெரியாமல் மறிக்கவும் ஏலாது. நீங்கள் காட்டினால்தான் எனக்குத் தெரியும்."

கலா அழுதுகொண்டே எழும்பிப் போய்விட்டாள். அழுகிற தாய்க்கு ஆறுதலாக ஒரு சொல் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று சுகந்தியிடம் கேட்டேவிட்டேன். "நான் இப்ப ஒரு பொய் சொன்னால், பிறகு நான் சொல்லுற உண்மையையும் அவ நம்பமாட்டா அக்கா" என்றார். அவர் கைகள் மேசைக்குக் கீழே ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கண்டேன். அவருக்கும் பயம்தான்.

அந்தக் கிழமையும் கொப்பி அச்சடித்ததுபோலவே வந்தது. சுகந்தி ஒன்றும் சொல்லவில்லை. கலாவைப் படலையடியில் கண்டால் வழக்கம்போல வணக்கம் சொன்னார், மதுரா இடைவேளையில் யாரோடு விளையாடினாள், என்ன சாப்பிட்டாள் என்று சொன்னார். கூட்டத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கலா தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு காலை கொப்பி வேறுவிதமாக வந்தது. பக்கத்தின் மேலே ஒரேயொரு வரி இருந்தது. கீழே எல்லாம் வெள்ளை. கடைசியில் கலாவின் கையெழுத்து, பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி வைத்தது. அதற்கு மேல் தமிழில், "இதுக்கு மேலே செய்யவில்லை" என்று எழுதியிருந்தாள். தன் பிள்ளையின் வெறும் தாளுக்குக் கீழே ஒரு தாய் கையெழுத்து வைப்பது என்ன பாடு என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாளும் அப்படியே ஒரு வரி. அதற்கடுத்த நாளும் அப்படியே. மற்றவர்கள் அதைப் பார்த்தால், சரி, பிள்ளையால் ஏலாது, முடிவெடுங்கள் என்றிருப்பார்கள். சுகந்தி அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மதிய இடைவேளையில் என்னிடம் ஓடிவந்தார்.

"தவமக்கா, இங்கை பாருங்கோ. கணக்கு, வாசிப்பு, எழுத்து, எல்லாத்திலையும் முதல் வரி சரி. எல்லாத்திலையும்! தெரியாத பிள்ளை எண்டால் எங்கையாவது பிழை விட்டிருக்க வேணுமே. இவள் பிழை விடேல்லை. நிண்டிட்டாள்."

அன்று பின்னேரமே கலாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். முன்பு வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் இருந்து என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?

"ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்லை ரீச்சர், சத்தியமா. அவளே எழுதுவாள். ஒரு வரி எழுதிட்டு என்னை நிமிந்து பாப்பாள். நான் ‘ம்’ எண்டுவன். அடுத்த வரிக்குப் போவாள்."

சுகந்தி கதிரையில் சாய்ந்துவிட்டார். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "அவள் வகுப்பிலையும் நிமிந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறாள் அக்கா" என்றார் சுகந்தி. "பராக்குப் பாக்கிறாள் எண்டு நாங்கள் நினைச்சம். முதல் வரியை எழுதிட்டு, ஆராவது ‘ம்’ எண்டு சொல்லுவினமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாள். ஒருத்தரும் சொல்லேல்லை." கலா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி எழும்பிப் போய் அவள் பக்கத்தில் இருந்தார். "உங்கடை பிழை இல்லை. நீங்கள் காட்டினபடியால்தான் கண்டுபிடிச்சம்."

அடுத்த நாள் சுகந்தி, மதுரா வெறுமையாக விட்ட பழைய பரீட்சைத் தாளையே திரும்பக் கொடுத்து, அவள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றார். பிள்ளை கடகடவென்று அடி வரைக்கும் எழுதிக் கொடுத்தாள். ஒன்றிரண்டு பிழைகள் இருந்தன. அந்தப் பிழைகளைப் பார்த்துச் சுகந்தி பட்ட சந்தோஷத்தை நான் எங்கே எழுத!

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "இனி ரெண்டு வரிக்கு ஒருக்கா ‘ம்’ சொல்லுங்கோ" என்றார் கலாவிடம். "பிறகு பக்கத்துக்கு ஒருக்கா. பிறகு எழும்பிக் குசினிக்குள்ளை போங்கோ."

"குசினிக்குள்ளை நிண்டால் எனக்குக் கை பதறும் ரீச்சர்."

"பதறட்டும். வெங்காயம் வெட்டுங்கோ."

மதுராவிடம், இனி உனக்கு நீயே சொல்லிக்கொள் என்றார். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாய் திறக்கமாட்டாள், சத்தமும் கேட்காது. ஒரு வரியை முடித்ததும் உதட்டுக்குக் கீழே அவள் நாடி மட்டும், உள்ளுக்குள் ‘ம்’ என்பதுபோல, மெல்ல அசையும். பிறகு அடுத்த வரிக்குக் குனிவாள்.

கூட்டத்தன்று பெற்றோர் உள்ளே இருந்தார்கள். நான் மதுராவோடு வெளியே நடைவழியில் இருந்தேன். அவள் படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் என் விரல் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன். கதவு திறந்து கலா வந்தபோது, அவள் முகத்தைப் பார்த்து முடிவு எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. அழுதிருந்தாள். பின்னால் வந்த சுகந்திதான் தலையை ஆட்டினார். மதுரா எங்களோடேயே இருக்கிறாள், கோடை விடுமுறைக்குப் பிறகு இன்னொரு முறை பார்ப்பார்கள். கோடை கழிந்து பார்த்தபோது அந்தக் கதையையே எடுக்கத் தேவை இருக்கவில்லை.

தனக்குக் கடும் நோய் என்று தெரிந்தபோதும் சுகந்தி பெற்றோரைக் கூப்பிட்டார். கணவருக்கும் அதிபருக்கும் அடுத்தபடியாக அவர் சொன்னது அவர்களுக்குத்தான். சிகிச்சை தொடங்குகிறது, சில கிழமைகள் வரமாட்டேன், பதிலாக வருகிறவர் இவர், தலைமுடி போகும் என்று வழக்கமான குரலில் சொன்னார். "பிள்ளையள் உங்களைக் கேட்பினம். ரீச்சருக்குச் சின்ன வருத்தம் எண்டு சொல்லாதேங்கோ. பெரிய வருத்தம், மருந்து எடுக்கிறா, மாறுமோ எண்டு தெரியாது எண்டு சொல்லுங்கோ. அவைக்கு உண்மை தாங்கும்." பிறகு, அவருக்கே உரிய முறையில், ஒருவரைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப, இண்டைக்கு இரவு மகள் கேட்டால் என்ன சொல்லுவியள்? சொல்லுங்கோ பாப்பம்." அந்தத் தகப்பன் வாயைத் திறந்தார், சொல்ல முடியவில்லை. சுகந்தி அவர் சொல்லும் வரை காத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மனத்திடம் எங்கிருந்து வருகிறதென்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். பயமில்லாதவர் என்று சொல்லமாட்டேன். மேசைக்குக் கீழே அந்தக் கைகளை நான் கண்டவள்.

இறுதிக் கிரியையன்று மண்டபத்தில் இடம் போதவில்லை. தமிழ், துருக்கி, ஜேர்மன் என்று பெற்றோர் சுவரோரமெல்லாம் நின்றார்கள். ஐயர் கிரியைகளை முடித்த பிறகு வரிசையாகப் போய்ப் பூ வைத்தோம். எனக்கு முன்னால் கலாவும் மதுராவும் நின்றார்கள். மதுரா இப்போது நாலாம் வகுப்பு, நன்றாக வளர்ந்துவிட்டாள். பெட்டியடிக்கு வந்ததும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசை நின்றது; நான் அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன். அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

கலா அவளைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடுகளை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணீர் வழிந்து நாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாய் தன் வாயிலிருந்து அந்தச் சின்னச் சத்தம் வராமல் எவ்வளவு பாடுபட்டு நின்றாள் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மதுராவின் நாடி மெல்ல அசைந்தது. குனிந்து, பூவைத் தன் ரீச்சரின் காலடியில் வைத்தாள்.

சுகந்தி, உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது இந்த ஒன்றைத்தான். வாய்க்காரி என்று பேரெடுத்தவள் நான். பின்னேரம் வீட்டுப்பாட அறையில் ஏதாவதொரு பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். சொல் என் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை தானாகத் தலையைக் குனிகிற வரைக்கும் இப்போதெல்லாம் நான் பேசாமல் இருக்கிறேன்.